திரும்பி வந்தால்தான் பாயிண்ட்

1

ஒரு கோல்போஸ்டைப் பார்த்த கோபத்தில் எழுத ஆரம்பித்த கதை இது. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து, "இவனுக்கு உள்நோக்கம் இருக்கிறது" என்று சொல்லக் கூடாது.

நான் விழுப்புரத்தில் கல்லூரியில் படிக்கிறேன். போன மாதம் விடுமுறைக்குத் திண்டிவனம் போனபோது, சிறு வயதில் நாங்கள் கால்பந்து பழகிய களத்தைப் பார்க்கப் போனேன். இரண்டு பக்கமும் வெள்ளை வர்ணம் அடித்த இரும்புக் கம்பங்கள் நின்றன. வலை வேறு. ஒரு பொடியன் ஓடி வந்து உதைத்தான். பந்து வலையில் விழுந்தது. எல்லோரும் கத்தினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் காலத்தில் இதெல்லாம் கிடையாது.

(எனக்கு வயது இருபது. 'எங்கள் காலத்தில்' என்று சொல்வதற்குக் குறைந்தபட்ச வயது ஏதாவது உண்டா என்று எங்கள் தமிழ்ப் பேராசிரியரிடம் கேட்டேன். வருகைப்பதிவு எழுபத்தைந்து சதவீதம் இருந்தால் போதும் என்றார்.)

அந்தக் களத்தில் நடந்த எங்கள் கால்பந்து அகாடமிக்கு நான்தான் கோல்கீப்பர். கோலே இல்லாத ஓர் அகாடமியின் கோல்கீப்பர். உலகத்தில் வேறு யாருக்கும் இந்தத் தகுதி இருக்காது என்பதால்தான் இதை நான் எழுதுகிறேன். இருந்திருந்தால் அவரையே எழுதச் சொல்லிவிட்டு நான் தூங்கியிருப்பேன்.

2

தொடக்கம் வைக்கப் பார்த்தேன்.

"மே மாதத்துச் சூரியன் ஒரு பழைய பந்தைப் போல மேற்கே உருண்டு—"

வேண்டாம். கால்பந்துக் கதையில் சூரியன், நிலா, பூமி, வழுக்கைத் தலை எதையும் பந்தோடு ஒப்பிடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

"தமிழகக் கால்பந்து வரலாற்றில் கிளாரா என்னும் பெயர்—"

இதுவும் வேண்டாம். கிளாரா அக்கா இதைப் படிப்பார். படித்தால் வீட்டுக்கு வந்து அடிப்பார்.

சரி, நேராகவே சொல்கிறேன். கிளாரா அக்காவின் அப்பா திண்டிவனத்தில் ஒரு மாதா கோவிலில் உபதேசியார். அக்கா கொஞ்ச காலம் குயிலாப்பாளையம் பக்கம் ஒரு விளையாட்டு மைதானத்தில் வேலை பார்த்தார். அங்கே குழந்தைகளுக்குப் பந்து பழக்கும் விதத்தைப் பார்த்து, அப்படியே தலையில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினார். ஆளுக்கொரு பந்து. வரிசையில் நிற்பது கிடையாது. மைதானத்தைச் சுற்றி ஓடுவது கிடையாது. பந்து காலோடு ஒட்டிப்போகும் வரை மேட்ச் என்ற பேச்சே கிடையாது.

ஆளுக்கொரு பந்து என்பது கொள்கை. பந்துகள் கொள்கையை விடக் குறைவாக இருந்தன. சிலர் ரப்பர் பந்தோடு பழகினார்கள். என் நண்பன் ஆண்டோ பழைய பனியன்களை உருட்டிக் கட்டிய ஒரு பொருளோடு பழகினான். அது உதைத்த இடத்திலேயே நிற்கும். அதனால் அகாடமியிலேயே பந்தைச் சிறப்பாக நிறுத்துபவன் என்று கொஞ்ச நாள் பெயர் வாங்கினான்.

இடம் சக்கரபாணி என்பவரின் களம். மல்லாட்டை* வியாபாரி. சிமெண்டுக் களத்தையும் பக்கத்துச் செம்மண் தரையையும் சாயங்காலங்களில் எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். ஒரே நிபந்தனை. அறுவடைக் காலத்தில் பாதி இடத்தில் மல்லாட்டை காயும், அந்தப் பக்கம் பந்து வரவே கூடாது.

பந்து போனால் காய் மிதிபடும். அது மட்டுமில்லை. பந்தெடுக்கப் போனவன் எவனும் உடனே திரும்பி வந்ததாக வரலாறு இல்லை. வரும்போது வாய் மென்றுகொண்டிருக்கும். பாதி காய்ந்த மல்லாட்டைக்குப் பச்சையும் இல்லாத, வறுத்ததும் இல்லாத ஒரு தித்திப்பு உண்டு. இப்போது விழுப்புரத்தில் உப்புக்கடலைப் பொட்டலம் வாங்கித் தின்னும்போது எனக்கு அது ஞாபகம் வருகிறது. ஞாபகம் மட்டும்தான் வருகிறது, ருசி வருவதில்லை.

ஆகவே பலமாக உதைக்கத் தடை. உதைக்காமல் எப்படி ஜெயிப்பது? கிளாரா அக்கா ஒரு விதி போட்டார். எல்லோரையும் தாண்டிப் பந்தை மல்லாட்டை ஓரம் வரை கொண்டு போக வேண்டும். ஓரத்தில் உள்ளங்காலைப் பந்தின் மேல் வைத்து நிறுத்த வேண்டும். பிறகு அதே பந்தை, அதே ஆட்களைத் தாண்டி, தன் பக்கத்துக்குத் திரும்பக் கொண்டு வர வேண்டும்.

"போனதுக்கெல்லாம் ஒண்ணும் கெடையாது. திரும்பி வந்தாதான் பாயிண்ட்டு."

வந்ததும் அக்கா ஒரு விரலை வானத்தைப் பார்த்து நீட்டுவார். விசில் வாங்கும் வரை அதுதான் எங்கள் விசில்.

என் வேலை மல்லாட்டை ஓரத்தில் நிற்பது. தவறி வரும் பந்துகளைத் தடுப்பது. நான் காத்தது கோலை இல்லை, விளைச்சலை. சக்கரபாணி தினமும் எனக்கு ஊக்கம் கொடுப்பார்:

"டேய் கோலி! ஒரு கொட்ட மிதிபட்டுச்சின்னு வை, அதுங்க பக்கத்துலயே உன்னையும் காயப் போட்டுடுவேன்."

* மல்லாட்டை: வேர்க்கடலை. இதற்கு அடிக்குறிப்பு போடுவது எங்கள் ஊருக்கு இழுக்கு. வெளியூர் வாசகர்களுக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

3

இனி கலைப்பிரியா.

அவளை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு வாரம் இந்த எண்ணுக்குக் கீழே ஒன்றுமே எழுதவில்லை. அழகாக ஆடுவாள் என்று எழுதினால் அது எல்லோருக்கும் எழுதுவது. ஆகவே நடந்ததை மட்டும் வைக்கிறேன்.

"கோலி, ஓரமா போய்டு. கால்ல பூந்துடப் போவுது."

"பூராது."

பூந்தது.

"நான்தான் சொன்னேன் இல்ல?"

"சொல்லிட்டுப் பண்ணா அது கணக்குல வராது."

"சொல்லிட்டும் புடிக்க முடியல, அத்த எந்தக் கணக்குல வெக்கறது?"

இது வாரம் தவறாமல் நடக்கும். ஓமந்தூர் பொண்ணு. ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். உள்ளங்காலால் பந்தை இழுத்து, அது போகும் என்று நாம் நினைத்த பக்கத்துக்கு நம்மை மட்டும் அனுப்பிவிட்டு, அவள் வேறு பக்கம் போவாள்.

அவளைத் தினமும் மொபெட்டில் கூட்டி வருவது அவள் அப்பா பாண்டுரங்கன். சொந்த நிலத்தில் மல்லாட்டையும் கேப்பையும் போடுகிறவர். வண்டியை விட்டு இறங்க மாட்டார். வண்டி மேலேயே உட்கார்ந்து ஆட்டம் முடியும் வரை பார்ப்பார். இளவட்டக் காலத்தில் வாலிபால் ஆடியவர். அதனால் எது நடந்தாலும் அவருக்குப் பாயிண்ட்தான். அவர் மகள் பந்தோடு திரும்பி வந்ததும், அக்காவின் விரல் உயர்வதற்கு முன்பே வண்டி மேலிருந்து குரல் வரும்: "பாயிண்ட்டு!"

அந்தச் சாயங்காலங்களைப் பற்றி இன்னும் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். மோட்டார் கொட்டகைக் குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தது, செம்மண் ஏறிய காலோடு வீட்டுக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டது, ஆண்டோவின் பனியன் பந்து பாதி ஆட்டத்தில் அவிழ்ந்து ஒரு கை வெளியே நீட்டிக்கொண்டது. படித்துப் பார்த்தேன். எனக்கு மட்டும் செம்மண் வாசனை வந்தது. உங்களுக்கு வராது என்பதால் எடுத்துவிட்டேன். பனியன் கையை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

ஏப்ரல் மாதம் ஒரு நாள் பாண்டுரங்கன் வண்டியை விட்டு இறங்கினார். நாங்கள் எல்லோரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டோம். அவருக்குக் கால் இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

"இந்தாம்மா கிளாரா. ஊட்ல தெனம் பேஜாரா கீது. பொட்டப்புள்ள ட்ரவுசர் போட்டுக்கினு ஓடுதுன்றாங்க. எங்க அண்ணன் என்கிட்டப் பேசறதே இல்ல."

"மாமா, அவள மாதிரி—"

"இரும்மா. விழுப்புரத்துல ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்கு ஆள் எடுக்கறாங்கன்னு சொன்ன இல்ல? கூட்டிக்கினு போ. நானும் வர்றேன். ஜெயிச்சா சேத்துடறேன், எவன் இன்னா சொன்னாலும் சரி. தோத்துட்டா இதோட நிறுத்திக்கணும். அப்புறம் யாரும் என்னாண்ட வந்து கேக்கக் கூடாது."

கலைப்பிரியா பக்கத்திலேயே நின்று பந்தைக் காலால் தட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. பந்து ஒரு முறைகூடத் தரையில் விழவில்லை.

4

விழுப்புரம் மைதானத்தில் நிஜமான கோல்போஸ்ட்டுகள் இருந்தன.

எங்களுக்குக் கோல் என்றால் என்னவென்று தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். டிவியில் நிறையப் பார்த்திருக்கிறோம். ஆனால் காலுக்கு டிவி கிடையாது.

ஆள் எடுக்க வந்தவர் ராஜாமணி மேடம். பெண்பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்து ஒரு மேட்ச் வைத்தார். ஒரு பக்கத்துக்குக் கோல்கீப்பர் வரவில்லை. "யாராவது கீப்பர் இருக்கீங்களா?" என்று கேட்டதும் கிளாரா அக்கா என் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

"இதுக்கு முன்னாடி எங்கப்பா நின்னிருக்க?"

"சக்கரபாணி களத்துல மேடம்."

"அது எந்த ஊரு ஸ்டேடியம்?"

பதில் சொல்வதற்குள் விசில் ஊதிவிட்டார். என்னை நிறுத்தியது கலைப்பிரியாவுக்கு எதிர்ப் பக்கக் கோலில். பின்னால் மல்லாட்டை இல்லாமல் நிற்பது இதுதான் முதல் தடவை. எதைக் காப்பாற்றுகிறோம் என்றே புரியவில்லை.

பாதி ஆட்டம் வரை அவளுக்குப் பந்து வரவில்லை. வந்தது. ஒருத்தியைத் தாண்டினாள். இன்னொருத்தியை நின்ற இடத்திலேயே சுற்ற விட்டாள். ஓரத்தில் நின்ற மற்ற ஊர்க்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கடைசியில் நான் மட்டும். நான் முன்னால் ஓடினேன். அவள் உள்ளங்காலால் பந்தை இழுத்தாள். நான் போக வேண்டிய பக்கத்துக்கு ஒழுங்காகப் போய், குப்புற விழுந்தேன்.

கோல் திறந்து கிடந்தது. ஊதினாலே பந்து உள்ளே போயிருக்கும்.

அவள் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் பந்தின் மேல் உள்ளங்காலை வைத்து நிறுத்தினாள். திரும்பினாள். அதே பெண்களை இன்னொரு முறை தாண்டி, பந்தைத் தன் பக்கத்துக்கே கொண்டு போய்ச் சேர்த்தாள்.

மைதானம் முழுக்கச் சிரித்தது.

[இந்த இடத்தில் முதல் பிரதியில் கிளாரா அக்கா "அடி!" என்று கத்துகிறார், அவள் காதில் விழவில்லை. இரண்டாம் பிரதியில் கத்த வாயெடுத்தும், குழந்தை தானாகக் கற்கட்டும் என்று அடக்கிக்கொள்கிறார். இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் நான் தரையில் கிடந்தபடியே பார்த்தது வேறு. கிளாரா அக்கா ஒரு விரலை வானத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றார். முகமெல்லாம் பல். சுற்றிச் சிரிப்புக் கேட்ட பிறகுதான் அந்த விரலை மெதுவாகக் கீழே இறக்கி, வேறு வழியில்லாமல் தலையைச் சொறிந்தார்.]

வேலி ஓரத்திலிருந்து ஒரே ஒரு குரல் கேட்டது.

"பாயிண்ட்டு!"

பாண்டுரங்கன் இரண்டு கையையும் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவரிடம், "எம்பொண்ணு" என்றார்.

அதன்பின் கலைப்பிரியா காலுக்குப் பந்து சரியாக வரவே இல்லை. ஆட்டம் முடிந்ததும் ராஜாமணி மேடம் சில பேரைச் சொல்லிக் கூப்பிட்டுத் தனியாக நிறுத்தினார். அவள் பெயரைச் சொல்லவில்லை. பிறகு அவராகவே எங்களிடம் நடந்து வந்தார்.

"உன்ன மாதிரி பந்த வெச்சிக்க இங்க ஒருத்திக்கும் தெரியலம்மா. ஆனா காலியா இருக்கற கோல்ல அடிக்காத பொண்ண நான் எப்படி எடுக்கறது? மேல கேட்டா இன்னான்னு சொல்றது?" கிளாரா அக்காவைப் பார்த்தார். "ஒரு வருஷம் கோல் வெச்சிப் பழக்குங்க. அடுத்த மே மாசம் கூட்டிக்கினு வாங்க. நானே எடுத்துக்கறேன்."

ஒரு வருஷம். அந்த ஒரு வருஷம்தான் அவளிடம் இல்லை.

இதையெல்லாம் பாண்டுரங்கன் கேட்கவில்லை. மகள் ஜெயித்த சந்தோஷத்தில் எங்களுக்குச் சூடாகப் போண்டா வாங்க வெளியே போயிருந்தார்.

5

இதுவரை எழுதியதை ஆண்டோவுக்கு அனுப்பினேன். அவன் இப்போது புதுச்சேரியில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை தேடுவதாக வீட்டில் நம்புகிறார்கள். உடனே போன் வந்தது.

"டேய் கோலி, பாண்டு மாமாவ முட்டாளாக்கிட்டியேடா."

"நான் எங்கடா ஆக்கினேன்? நடந்தத எழுதினேன்."

"அவுரு ஊட்ல டிவி இல்லியா? கோலுன்னா இன்னான்னு தெரியாத மனுசன் இந்த ஜில்லாவுல எவன்டா இருக்கான்? அவுருக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சேதான் கத்துனாரு. ஊரே சிரிக்கறப்போ பெத்தவன் வேற இன்னாடா பண்ணுவான்?"

"தெரிஞ்சவர் எதுக்குடா போண்டா வாங்கினாரு?"

ஆண்டோ, "அதான் எனக்கும் இடிக்குது" என்றான்.

எனக்கும் இடிக்கிறது. ஒரு பாத்திரத்தின் மனதுக்குள் என்ன இருக்கிறது என்று எழுத்தாளனுக்குத் தெரியும் என்பார்கள். எனக்குப் பாண்டுரங்கன் சட்டைப் பைக்குள் என்ன இருந்தது என்றுகூடத் தெரியாது. ஒன்று சொல்லலாம். அவர் தன் மகள் ஆடி நேரில் பார்த்தது சக்கரபாணி களத்தில் மட்டும்தான். அவருக்குத் தெரிந்த கால்பந்தில் அவள் செய்தது பாயிண்ட்தான். மற்றவர்கள் சிரித்தது? கோல்கீப்பர் குப்புறக் கிடந்ததற்கு என்று அவர் நினைத்திருக்கலாம். அந்தச் சிரிப்பில் எனக்கும் ஒரு நியாயமான பங்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் இன்னொரு பக்கம், அவர் கைதட்டியபோது பக்கத்தில் இருந்தவர்களைப் பார்க்கவில்லை. மகளை மட்டும்தான் பார்த்தார். அவள் நிமிர்ந்து அவரைப் பார்க்கும் வரை தட்டிக்கொண்டே—

நான் இதைச் சாய்த்து எழுதுகிறேன். நிறுத்திக்கொள்கிறேன்.

கலைப்பிரியாவிடமே கேட்டேன். அவள் இப்போது எங்கே இருக்கிறாள், என்ன செய்கிறாள் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் முடிவைச் சொன்னதாகிவிடும்.

"உங்கப்பாவுக்குத் தெரிஞ்சிதா இல்லியா?"

"நீ எப்படி எழுதியிருக்க?"

"ரெண்டு விதமாவும்."

"அப்போ ரெண்டையும் வெச்சிக்க."

"உன் பேர மாத்திடட்டா?"

"மாத்தன, அவ்ளோதான். வேற எவளோ திரும்பி வந்தான்னு நெனச்சிக்குவாங்க."

6

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில், பஸ் கிளம்பும்போது ராஜாமணி மேடம் மனம் மாறி ஓடி வருகிறார். கையைத் தட்டி பஸ்ஸை நிறுத்துகிறார். விழுப்புரத்தில் கிளம்பிய பஸ்ஸை யாரும் அப்படி நிறுத்த முடியாது. நான் தினமும் முயல்கிறேன். அந்த முடிவை அடித்துவிட்டேன்.

இரண்டாம் முடிவில், பஸ் நிலையத்திலேயே கிளாரா அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். "மாமா, தப்பு என்னுது. கோல் இல்லாம பழக்கினது நானு." பாண்டுரங்கன் கோபப்படவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார், அவ்வளவுதான். மறுநாள் சாயங்காலம் மொபெட் வரவில்லை. நான் மல்லாட்டை ஓரத்தில்—

அதற்கு மேல் எழுத வரவில்லை. இத்தனைக்கும் இருப்பதிலேயே நேர்மையான முடிவு அதுதான்.

மூன்றாவதில் எல்லோரும் சேர்ந்து பொய் சொல்கிறோம். எடுத்துவிட்டார்கள், அடுத்த வருஷம்தான் சேர்க்கை என்று. ஒரு வருஷம் கிடைக்கிறது. சவுக்குக் கம்பு நட்டுக் கோல் செய்து அவளை அடிக்க வைக்கிறோம். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வருஷம் முழுக்க அவள் அப்பா வண்டி மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவர் எதிரில் ஒவ்வொரு நாளும் அந்தப் பொய்யோடு அவள் ஆட வேண்டும். பன்னிரண்டு வயதுப் பெண்ணின் காலில் அதையும் கட்டிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே முடிவை விட்டுவிட்டு, அதற்கு முன்னால் நடந்ததைத் தருகிறேன். இதில் கற்பனை கிடையாது.

7

பஸ் விக்கிரவாண்டி தாண்டிவிட்டது. எனக்குப் பக்கத்தில் பாண்டுரங்கன். மடியில் எண்ணெய் ஊறிய பொட்டலம். முன் சீட்டில் ஜன்னலோரம் கலைப்பிரியா, அவளை ஒட்டிக் கிளாரா அக்கா. பின்னால் ஆண்டோ வாயைத் திறந்து தூங்குகிறான்.

"துன்னுப்பா, ஆறிடப் போவுது." எனக்கு ஒன்று, முன் சீட்டுக்கு இரண்டு. கிளாரா அக்கா கையில் வாங்கி அப்படியே வைத்திருக்கிறார். கலைப்பிரியா திரும்பாமலேயே கையை மட்டும் பின்னால் நீட்டி வாங்கிக்கொள்கிறாள்.

"ஹாஸ்டல்னா பொட்டி வேணும் இல்ல? பூட்டு போட்ட மாதிரி?"

கிளாரா அக்கா போண்டாவை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொள்கிறார்.

"இவ காரம் துன்ன மாட்டா. அங்க எப்படி போடறாங்களோ."

கிளாரா அக்கா பாதி திரும்புகிறார். வாயைத் திறக்கிறார். கண்டக்டர் வந்து நடுவில் நின்று சில்லறை கேட்கிறார். அவர் போன பிறகு அக்கா மறுபடி முன்பக்கம் திரும்பிக்கொள்கிறார். கலைப்பிரியாவின் பின்னந்தலை மட்டும் எனக்குத் தெரிகிறது. பஸ் குலுங்குகிறது, அது அசையவில்லை. அவள் மொத்தமாகக் காதாகிவிட்டாள்.

பாண்டுரங்கன் பொட்டலத்தை மடிக்கிறார். நான்காக மடித்து, பிரித்து, மறுபடி மடிக்கிறார். பிறகு என் பக்கம் குனிந்து, முன் சீட்டுக்குக் கேட்கும் அளவுக்கா கேட்காத அளவுக்கா என்று சொல்ல முடியாத ஒரு குரலில் கேட்கிறார்:

"ஏம்ப்பா கோலி, நீதான கோல்ல நின்ன. உனக்குத்தான் கிட்டத்துல தெரிஞ்சிருக்கும். நீ சொல்லு. எம்பொண்ணு ஜெயிச்சாளா இல்லியா?"

என்னைத் தாண்டினாள். பந்தை நிறுத்தினாள். அத்தனை பேரையும் இன்னொரு முறை தாண்டித் திரும்பி வந்தாள். அவளை எடுக்கவில்லை. நான்கும் உண்மை. இவற்றில் எதை முதலில் சொல்கிறோம் என்பதில்தான் அவளுடைய ஒரு வருஷம் இருக்கிறது.

என் வாயில் போண்டா. மென்றுகொண்டிருக்கிறேன். அப்போதும் மென்றேன், இந்தக் கதையை எழுதிய காலம் முழுக்கவும் மென்றேன். உங்கள் வாய் சும்மாதானே இருக்கிறது? மைதானத்தில் நீங்களும் இருந்தீர்கள். என்னைப் போலக் குப்புறக் கிடக்காமல், நின்று நிதானமாகப் பார்த்தீர்கள்.

அவர் இன்னும் என்னைத்தான் பார்க்கிறார். அவள் இன்னும் திரும்பவில்லை. கூட்டேரிப்பட்டு வந்துவிட்டது. அடுத்தது திண்டிவனம், எல்லோரும் இறங்கிவிடுவோம்.

ஜல்தி சொல்லுங்க.